எஸ்டிமேட்டில் ஏறாத கணக்கு

ஒரு ரசாயன ஆலை கட்ட எவ்வளவு செலவாகும்? கட்டிய பின் அதை ஓட்ட வருஷத்துக்கு எவ்வளவு பிடிக்கும்? "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? எஞ்சினீயர்களும் பாங்குக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள்" என்று நமக்கு உபதேசம் நடக்கிறது. பாடுபடுவது உன் வேலை, கணக்குப் போடுவது என் வேலை என்பது முதலாளிகளின் பழைய பல்லவி. கூலி உயர்வு கேட்டால் அந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள். ஆட்குறைப்புச் செய்யும்போதும் அதே கணக்குத்தான். ஒருநாள் கதவை இழுத்து மூடினால் அதற்கும் அதே கணக்கு. ஆனால் அந்தப் புத்தகத்தை நாம் மட்டும் பிரித்துப் பார்க்கக் கூடாதாம்!

பிரித்தே பார்ப்போம். போபால் நகரில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு அந்த ஆலையிலிருந்து கிளம்பிய விஷ வாயு, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை ஆயிரக்கணக்கில் கொன்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவு எந்த எஸ்டிமேட்டில், எந்த வரியில் தொடங்கியது என்பதைத்தான் பலர் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

முதலில் எஸ்டிமேட் போடும் வித்தை. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆலைக்கு வேண்டிய பெரிய சாமான்களை, அதாவது கொதிகலன், தொட்டி, பம்பு, வடிகோபுரம் முதலியவற்றை ஜாபிதா எடுக்கிறார்கள். அவற்றின் விலையைக் கூட்டுகிறார்கள். பிறகு ஒரு பெருக்கல். லாங் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1947-ல் ஒரு வழி எழுதி வைத்தார். திரவங்களைக் கையாளும் ஆலையானால் சாமான் விலையை ஏறக்குறைய 4¾ மடங்கு ஆக்கு. குழாய், கம்பி, கான்கிரீட், கட்டடம், நிறுவும் கூலி, எஞ்சினீயர் சம்பளம் எல்லாம் அதில் அடங்கிவிடும் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ நுணுக்கமான வழிகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆரம்ப எஸ்டிமேட் என்பது இன்றும் கைக்கணக்குதான். நூற்றுக்கு முப்பது கூடவோ குறையவோ போனால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நம் வீட்டுச் செலவில் நூற்றுக்கு முப்பது பிசகினால் அடுப்பு எரியாது. அவர்களுக்கு அது சகஜம்!

இன்னொரு சூத்திரத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் போபாலின் கதை அதில்தான் பிடிபடும். ஆலையின் உற்பத்திச் சக்தியை இரண்டு மடங்காக்கினால் செலவு இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது அந்தச் சூத்திரம். ஏன்? கல்யாண வீட்டு அண்டாவைப் பாருங்கள். இரண்டு சின்ன அண்டாவில் கொள்ளும் சோற்றை ஒரே பெரிய அண்டாவில் வடித்தால், அதற்கு வேண்டிய தகடு இரண்டு அண்டாத் தகட்டைவிடக் குறைவு. தொட்டிக்கும் கோபுரத்துக்கும் இதே நியாயம்தான். நெசவாலையில் தறியை இரட்டித்தால் தறிக்கான செலவும் இரட்டிக்கும். ரசாயன ஆலையில் அப்படி இல்லை. ஆகவே பெரிதாகக் கட்டு, இன்னும் பெரிதாகக் கட்டு என்று மூலதனத்துக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு. டன்னுக்கு ஆகும் செலவு காகிதத்தில் இறங்கிக்கொண்டே போகும். சரக்கு விற்குமா என்பதுதான் கேள்வி.

போபாலில் நடந்தது என்ன? செவின் என்ற பூச்சிமருந்து வருஷத்துக்கு 5,000 டன் செய்வதற்கு 1975-ல் லைசென்சு கிடைத்தது. பசுமைப் புரட்சி வந்துவிட்டது, இனி இந்திய விவசாயி மருந்தை வாங்கிக் கொட்டுவான் என்று கம்பெனி கனவு கண்டது. எந்த விவசாயி? கடன்பட்டு விதை வாங்குகிறவனா? மழை பொய்த்து வட்டிக்காரன் வாசலில் நிற்கிறவனா? கம்பெனியின் எஸ்டிமேட்டில் பருத்தி நிலத்தின் ஏக்கர் கணக்கு இருந்தது. பூச்சிகளின் கணக்கும் இருந்திருக்கும். குத்தகைக்காரனின் மடியில் என்ன இருக்கிறது என்ற கணக்கு இல்லை. விவசாயத் தொழிலாளிகளான நம்மைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்போம்! மூக்குக்கு ஒரு துணியும் கட்டாமல், வெறுங்காலோடு அந்த மருந்தைத் தெளிக்கிறவர்கள் நாம்தானே.

விளைவு, எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனை படுத்துவிட்டது. ஆலை தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓடும் நிலை வந்தது. நஷ்டம் வந்தது. கனவு கண்டவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி போபாலில் எழுந்தது.

இதற்கு முன்னாலேயே, கட்டுமானக் கணக்கிலேயே ஒரு சங்கதி உண்டு. தாய்க் கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 50.9 சதவீதம் அதன் கையில். அந்நிய மூலதனத்தின் பிடியைக் குறைக்க 1973-ல் நம் நாட்டில் சட்டம் வந்தது. பெரும்பான்மைப் பங்கை விட்டுக்கொடுக்காமல், கையிலிருந்து அதிகப் பணமும் போடாமல் ஆலையை எழுப்ப வேண்டும். அந்த வருஷத்து முதலீட்டுப் பத்திரம் ஒன்று பிற்காலத்தில் அமெரிக்கக் கோர்ட்டு வழக்கில் வெளியே வந்தது. போபாலில் கையாளப்போகும் முறைகளில் சில, முழு அளவில் ஓட்டிப் பார்த்து நிரூபிக்கப்படாதவை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆலை சரியாக ஓடாமல் போகலாம், திருத்த மேலும் பணம் வேண்டியிருக்கலாம் என்பதும் அதில் இருந்தது. அதாவது, அபாயம் தெரியும். ஆனால் அந்த அபாயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பணநஷ்டம். உயிர்நஷ்டம் என்ற தலைப்பு அந்தப் பத்திரத்தின் கணக்கில் ஏறவில்லை.

மீதைல் ஐசோசயனேட் என்பது செவின் செய்ய உதவும் இடைப் பொருள். நீர் பட்டால் கொதித்தெழும் திரவம். அதன் ஆவி நுரையீரலைத் தீய்த்துவிடும். இதைத் தயாரித்த உடனே பயன்படுத்தித் தீர்க்கலாம், கையிருப்பே அதிகம் வேண்டியதில்லை. இதைத் தொடாமலே செவின் செய்யும் மாற்று வழியும் உலகத்துக்குத் தெரியும். போபாலில் என்ன செய்தார்கள்? பூமிக்குள் பாதி புதைத்த மூன்று பெரும் தொட்டிகளில் டன் டன்னாகத் தேக்கினார்கள். தொட்டியில் சரக்கு இருந்தால் ஒரு பகுதி நின்றாலும் இன்னொரு பகுதி நிற்காமல் ஓடும். கணக்குப் பிள்ளைக்கு அது லாபம். பெரிய தொட்டியின் விலை மலிவு என்பதை அண்டாக் கணக்கில் பார்த்தோமே! அந்த இரவு ஒரே ஒரு தொட்டியில் மட்டும் 40 டன்னுக்கு மேல் இருந்தது. ஆலையோ போபால் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. சுற்றிலும் கூலி ஜனங்களின் குடிசைகள்.

இனி ஓட்டும் செலவுக்கு வருவோம். எந்த ரசாயன ஆலையிலும் இந்தப் பட்டியல் ஒன்றுதான்: மூலப்பொருள், நீராவி, மின்சாரம், தண்ணீர், சம்பளம், பராமரிப்பு, இன்ஷ்யூரன்ஸ், தேய்மானம், வட்டி. மூலப்பொருளின் விலையை மானேஜர் நிர்ணயிக்க முடியாது. மின்சாரக் கட்டணம் அவர் கையில் இல்லை. வட்டியை பாங்கு விடாது. தேய்மானம் புத்தகத்தில் தானாக ஏறும். செலவைக் குறை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் அவர் கத்தி எங்கே பாயும்? சம்பளத்தில் பாயும், பராமரிப்பில் பாயும். ஆலைக்குப் போட்ட முதலில் வருஷத்துக்கு நூற்றுக்கு 2 முதல் 10 வரை பராமரிப்புக்கு வேண்டும் என்று பாடப் புத்தகங்களே சொல்கின்றன. ஆனால் இந்த வருஷம் அதைப் பாதியாக்கினால் இந்த வருஷக் கணக்கில் லாபம் மட்டுமே தெரியும்.

பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஆட்குறைப்பும் வேலைப்பளுவும் புதிதல்ல. ஒரு சைடு பார்த்தவனை இரண்டு சைடு பார்க்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும். ஆனால் நூற்பாலையில் ஆள் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் இழை அறுந்து தொங்கும். மேஸ்திரி ஓடி வருவான். ரசாயன ஆலையில் துருப்பிடித்த வால்வு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். மானேஜர் சிக்கனம் செய்ததாக மாலை போட்டுக்கொள்வார். ஒருநாள் அது வாய் திறக்கும்.

போபாலில் அந்தத் தொட்டிப் பகுதியில் ஷிப்டுக்கு 12 பேர் இருந்தார்கள், 6 ஆக்கினார்கள். பராமரிப்பு ஆட்கள் 6 பேரை 2 ஆக்கினார்கள். இரவு ஷிப்டின் பராமரிப்பு சூப்பர்வைசர் பதவியை எடுத்துவிட்டார்கள். விபத்துக்குச் சில நாள் முன்புதான் அது நடந்தது! 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு பட்டு ஒரு தொழிலாளி செத்தார். 1982-ல் அமெரிக்காவிலிருந்தே ஒரு குழு வந்து பார்த்து, குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அதே வருஷம் தொழிற்சங்கம் நகரத்தில் சுவரொட்டி ஒட்டி எச்சரித்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் தம் சிறு வாரப் பத்திரிகையில் அபாயம் வருகிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். யார் காதில் ஏறியது?

மீதைல் ஐசோசயனேட்டை 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டும் என்பது கம்பெனியே எழுதிய விதி. அதற்கென்று ஒரு குளிர்சாதனம் இருந்தது. 1984 ஜூன் மாதம் அதை நிறுத்தினார்கள். குளிர்விக்கும் திரவத்தை வடித்து ஆலையின் வேறு பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் நாளொன்றுக்கு மிச்சமானது எவ்வளவு? இதற்குப் பல கணக்குகள் சொல்கிறார்கள். ஒன்றுகூட 100 டாலரை எட்டவில்லை. இந்த மிச்சத்துக்காக, போபால் வெயிலில், தொட்டி ஐந்து மாதத்துக்கு மேல் குளிரில்லாமல் கிடந்தது. சூடு 11 டிகிரி தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதோடு செத்தது. எப்போதுமே அதற்கு மேல் இருக்கும் தொட்டிக்கு மணி எதற்கு?

வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாவில் கழுவி அடக்கும் கோபுரம் ஒன்று உண்டு. அது ஓடத் தயாராக இல்லை. மீறி வருவதை எரித்துவிடும் கோபுரம் ஒன்று உண்டு. அரித்துப்போன குழாய்த் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, புதுத் துண்டு போடாமல் கிடந்தது. தண்ணீர் பீய்ச்சி வாயுவை அமுக்க ஏற்பாடு உண்டு. வாயு வெளியேறியது 33 மீட்டர் உயரத்தில். தண்ணீர் அதில் பாதிகூட ஏறவில்லை. அவசரத்துக்குக் காலியாக வைத்திருக்க வேண்டிய தொட்டி காலியாக இல்லை. எஸ்டிமேட்டில் இவை எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தார்கள், சாமான்களும் ஆலையில் நின்றன. ஆனால் அவற்றை ஓட்டவும் பேணவும் ஆகும் செலவைத்தான் வெட்டி எறிந்தார்கள்.

அந்த இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குழாய்களைக் கழுவும்போது அடைப்புத் தகடு போடாமல் விட்டதால் புகுந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தகடு போடச் சொல்ல வேண்டிய சூப்பர்வைசர் பதவியைத்தான் எடுத்துவிட்டார்களே! கம்பெனி என்ன சொன்னது? மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த சதி என்றது. இன்றுவரை எந்தக் கோர்ட்டிலும் அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. சரி, சதி என்றே வைத்துக்கொள்வோம். குளிர்சாதனத்தை நிறுத்தியது அந்தத் தொழிலாளியா? கழுவு கோபுரத்தை முடக்கியது அவனா? எரிகோபுரத்துக் குழாயைக் கழற்றி வைத்ததும் அவன்தானா? ஒரு மனிதன் ஒரு குழாயைத் திறந்தால் ஒரு நகரமே சாகும்படி ஆலையை வைத்திருந்தது யார்?

வாயு கசிகிறது என்று முதலில் சொன்னது தொழிலாளியின் எரிந்த கண்கள். எந்தக் கருவியும் முன்னால் சொல்லவில்லை. கருவிகள் பொய் காட்டிப் பழகியதால், அழுத்த முள் ஏறியபோது அதை யாரும் நம்பவும் இல்லை. வெளியே ஊருக்குக் கேட்கும் சங்கைச் சிறிது நேரம் ஊதி நிறுத்திவிட்டார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், காற்றுக்கு எதிராக ஓடாமல் குறுக்கே போங்கள் என்று அந்த ஜனங்களுக்கு ஒருவரும் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு தண்டோராக்காரனின் கூலி!

சர்க்கார் நஷ்டஈட்டுக் கணக்கிலேயே செத்தவர்கள் 5,000-க்கு மேல். பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் அதைப் போல் பல மடங்கு சொல்கின்றன. காயம்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் போபாலுக்கு வந்தபோது கைதானார். அன்றே ஜாமீனில் விடுதலையாகி, மாநில சர்க்காரின் விமானத்தில் ஏறிப் போனார். விசாரணைக்குத் திரும்பி வராமலே 2014-ல் அமெரிக்காவில் செத்தார். இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு 2010-ல், அதாவது 25 வருஷத்துக்குப் பிறகு, இரண்டு வருஷச் சிறைத் தண்டனை விதித்து அன்றைக்கே ஜாமீன் கொடுத்தார்கள். ஆடு திருடினால்கூட இவ்வளவு சௌகரியம் கிடைக்காது.

பணக் கணக்கு இன்னும் விசித்திரமானது. இந்திய சர்க்கார் கேட்டது 330 கோடி டாலர். 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. தலைக்கு வகுத்தால் 1,000 டாலர்கூடத் தேறாது. உயிரோடு தப்பி நுரையீரல் கெட்டவர்களில் பெரும்பாலோர் கையில் வந்தது 25,000 ரூபாய். பல வருஷம் கழித்து அதே அளவு இன்னொரு தடவை. கம்பெனி அதே சமயம் பங்குதாரர்களுக்கு எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். 1988-ம் வருஷம் அதன் 71 வருஷச் சரித்திரத்திலேயே மிகச் சிறந்த வருஷமாம்! பங்கு ஒன்றுக்கு 4 டாலர் 88 சென்ட் லாபம். போபால் வழக்கைத் தீர்க்க ஒதுக்கிய தொகை பங்குக்கு 43 சென்ட். அதைக் கழித்த பிறகுதான் இந்த லாபம். எஸ்டிமேட்டில் ஏறாத போபால் கடைசியில் இப்படி 43 சென்டாக ஏறியது.

அதோடு முடிந்ததா? ஆலை மூடிக் கிடந்தது. விஷக் கழிவு அங்கேயே கிடந்தது. 337 டன் கழிவை 2025 ஜனவரியில்தான் லாரிகளில் ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். 40 வருஷம் கழித்து! பீதம்பூர் ஜனங்கள் எங்கள் ஊருக்கு ஏன் என்று தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த வருஷமே அதை எரித்தார்கள். சர்க்கார் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில். ஆலையைச் சுற்றி மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய விஷம் அந்த 337 டன்னில் சேராது. ஆலை கட்டும் எஸ்டிமேட்டில் ஆலையைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு ஒரு வரியாக இருந்து, அந்தப் பணத்தை முதலிலேயே கட்டி வைத்திருந்தால், இந்தக் கதை உண்டா?

"நீங்கள் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சேர்த்தால் எந்த ஆலையும் கட்டுபடியாகாது. தொழில் ஓடிவிடும், வேலை போய்விடும்" என்று ஒரு வாதம் வரும். இதை முதலாளிகள் மட்டும் சொல்வதில்லை, நம்மில் சிலரே நம்பிச் சொல்கிறார்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டும். ரசாயன ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உரம் வேண்டும், மருந்து வேண்டும், சாயம் இல்லாமல் நம் ஆலைத் துணி ஏது? ஆனால் நாளைக்கு நூறு டாலர்கூடப் பெறாத ஒரு குளிர்சாதனத்தின் செலவைத் தாங்க முடியாத ஆலை என்றால், அது ஏற்கனவே கட்டுபடியாகாத ஆலைதான். யாரோ ஒருவர் அதன் நஷ்டத்தைத் தம் நுரையீரலால் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். போபால் ஆலை மூடியதும் வேலையும்தான் போயிற்று! சிக்கனம் எந்தத் தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றியது?

பழைய கதை என்றும் தள்ள முடியாது. 2020 மே 7-ந் தேதி விடியற்காலை விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் வாயு கிளம்பி 12 பேர் மாண்டார்கள். ஊரடங்குக் காலத்தில் தேங்கிக் கிடந்த சரக்கு. தொட்டியில் போதிய குளிர்ச்சி இல்லை, சரக்கு தானாகச் சூடேறாமல் தடுக்கும் மருந்து போதிய அளவில் இல்லை, மேல்மட்டத்தின் சூட்டை அளக்க வழியே இல்லை என்று விசாரணைக் கமிட்டி சொல்லியது. 36 வருஷத்துக்குப் பிறகும் அதே குளிர்ச்சி, அதே சிக்கனம்!

ஆகவே நாங்கள் கேட்கிறோம். ஆலை வரும் ஊரில் அஸ்திவாரக் கல் நடும் முன் எஸ்டிமேட்டை ஊர்ச் சபையிலும் தொழிற்சங்கத்திலும், ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் வைக்க வேண்டும். எந்த விஷத்தை எத்தனை டன் தேக்கப்போகிறார்கள், ஏன் அவ்வளவு தேக்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். பராமரிப்புச் செலவையும் ஷிப்டு ஆட்களையும் குறைக்க வேண்டுமானால் அங்கே வேலை செய்யும் தொழிலாளர் கமிட்டியின் கையெழுத்து வேண்டும். பாதுகாப்புச் சாதனம் ஒன்று நின்றால் அது ஓடும் வரை ஆலையும் நிற்க வேண்டும்; நிறுத்தும் தொழிலாளிக்கு அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. மூடும் நாளில் சுத்தம் செய்யும் பணத்தைத் திறக்கும் நாளிலேயே கட்ட வேண்டும்.

போபாலில் 1984 ஜூன் மாதம் குளிர்சாதனத்தை நிறுத்தும் உத்தரவு தொழிற்சங்கத்தின் மேஜைக்கு வந்து, அங்கே ஆறு தொழிலாளிகள் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்களா? அவர்களுடைய வீடும் ஆலைச் சுவருக்கு அப்பால்தானே இருந்தது.